முள் வைத்த வாழைக்காய்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வரும் என் அலுவலக நண்பர்கள், கடற்கரை, கோயில் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். கையைக் கடிக்காத விலையில் நல்ல சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும்? நான் யோசிக்கவே மாட்டேன். "காசிமேட்டில்" என்பேன். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் யாராவது கத்திரிக்காய் தின்பார்களா என்று சிரிப்பார்கள். நான் சொல்வதில் பொய் இல்லை. கொஞ்ச வருடங்கள் தாமதமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் சைவத்துக்குப் பெரிய மரியாதை கிடையாது. இலை போட்டு, சாம்பார் ஊற்றி, ஓரத்தில் ஒரு வடை வைத்தால், யாருடைய கருமாதி என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காருவோம். எனக்கு விவரம் தெரிந்து மீன் இல்லாமல் நான் சாப்பிட்ட நாட்களில் எல்லாம், எதிர்ச் சுவரில் யாராவது ஒருவர் மாலை போட்ட போட்டோவில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் அவரைக்காய்ப் பொரியலைக் கண்டாலே எனக்கு லேசாகத் தொண்டை அடைக்கும். பள்ளியில் சத்துணவில் அவரைக்காய் போட்ட அன்றைக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் குடும்பத்தில் பிறந்த என் அத்தைதான் சைவ ஓட்டல் நடத்தினாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகி எண்ணூருக்குப் போனவள், ஒருநாள் திரும்பி வந்து எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். வந்த சில மாதங்களில், காசிமேட்டில் மீன் ஏலம் விடும் இடத்துக்குப் போகிற வழியில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை போட்டாள். நாலு பெஞ்சு, தகரக் கூரை, வாசலில் ஒரு பலகை. பலகையில் எழுத்து கிடையாது. பெரிய வஞ்சிரம் மீன் ஒன்று பெயின்ட்டில் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கும். தன்னையே வறுத்து விற்கும் கடைக்கு முன்னால் அது எதற்கு அத்தனை சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அத்தையின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் இந்தக் கதையில் என் அம்மாவின் தம்பி வேறு மாமாவாக வரப்போகிறார். குழப்பம் வேண்டாம் என்று முன்னவரை எண்ணூர்க்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். மாதம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காருவார். எனக்குக் கப் ஐஸ் வாங்கித் தருவார். அவர் வந்தால் அத்தை சமையலறையை விட்டு வெளியே வர மாட்டாள். இவ்வளவு நல்ல மனிதர் வந்திருக்கும்போது இப்படிச் செய்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வரும், ஐஸ் தீர்கிற வரைக்கும்.

சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வரும். மீன் குஞ்சு பொரிக்கிற காலம், ரெண்டு மாதம் கடலுக்குப் போகக் கூடாது. படகுகள் எல்லாம் லீவு விட்ட பிள்ளைகள் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடக்கும். சின்ன ஃபைபர் படகில் போய்க் கரையோரம் அள்ளி வருகிற மீனின் விலையைக் கேட்டால், கேட்டதற்கே காசு வாங்குவார்களோ என்று பயமாக இருக்கும். அந்த மாதங்களில் மீன் சாப்பாட்டுக் கடைகள் பாதிக்கு மேல் மூடிவிடும்.

"நீயும் மூடிடு," என்றார் அப்பா. "ரெண்டு மாசம் எண்ணூர்ல போய் இரு. அவரும் வந்து வந்து கூப்ட்டுகினு கீறாரு. நாலு பேரு இன்னா பேசுவான்?"

"கடை மூடாது."

"மீனே இல்ல, இன்னாத்த வறுப்ப?"

"கெடைக்கிறத வறுப்பேன்."

அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தீர்ப்பு சொன்னார். "சரி. ஒரே ஒரு வேளை உன் கடைல ஆளு இல்லாம பெஞ்சு காலியா கெடந்துச்சுன்னு வை, மறுநாள் நீ எண்ணூர்ல இருக்கணும். அப்பால பேச்சே வாணாம்."

அத்தை சரி என்றாள். எனக்குத்தான் அவளைப் புரியவில்லை. எண்ணூர் என்றால் முகத்துவாரம், கழுத்தளவு தண்ணீர், சேற்றில் கையை விட்டால் நண்டு. பெரிய பரீட்சை லீவில் ஒருத்தியை எண்ணூருக்குப் போகச் சொல்கிறார்கள், அவளோ நான் காசிமேட்டில் இருந்து வாழைக்காய் நறுக்குகிறேன் என்கிறாள். என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே டவுசரை மடித்துப் பையில் வைத்திருப்பேன்.

தடை தொடங்குவதற்கு முந்தின நாள் அத்தையும் மாமாவும் ஒரு குட்டியானை லோடு வண்டி பிடித்து எண்ணூருக்குப் போனார்கள். அழுது அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன். நண்டு பிடிக்க நேரமே தரவில்லை. எண்ணூர்க்காரர் வேலைக்குப் போயிருந்த நேரம். அத்தை உள்ளே போய், அவளுடைய கல்யாணச் சீர்ப் பாத்திரங்களை எல்லாம் எடுத்து வந்தாள். பித்தளை அண்டா, தவலை, அகல வாணலி, கனத்த தோசைக்கல், ஒரு கோணி நிறைய எவர்சில்வர் தட்டு. எல்லாம் பரணிலேயே இருந்து புதுசு மாறாமல் இருந்தன. நேராகக் கடையில் கொண்டுவந்து இறக்கினோம்.

"எதுக்கு அத்தே இது?"

"மீன் சட்டில சாம்பார் வச்சா வாசன போவாதுடா. சைவத்துக்குச் சட்டி வேற வேணும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மீன் வறுத்த கல், குழம்புச் சட்டி எல்லாவற்றையும் அத்தை சாக்கில் கட்டி பெஞ்சுக்கடியில் தள்ளினாள். பலகையில் சிரித்த வஞ்சிரத்தின் மேல் பழைய புடவை ஒன்றைச் சுற்றிக் கட்டினாள். கடையின் கல்வித் துறை என் பொறுப்பு. அட்டையில் கரியால் "நூறு சதவீதம் வெஜ்" என்று இங்கிலீஷில் எழுதித் தொங்கவிட்டேன். மூன்றே எழுத்துள்ள அந்த வார்த்தையில் கடைசி எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி திருப்பிப் போட்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

முதல் நாள் வழக்கமான படகு ஆட்கள் வந்தார்கள். இலையில் சாம்பாரையும் அவரைக்காயையும் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாகக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னாக்கா, யாரு பூட்டாங்க?"

"யாரும் போவல. துன்னு."

அவர்கள் நம்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பேசாமல் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது இரண்டு பேர் அத்தையிடம் துக்கம் விசாரித்துவிட்டே போனார்கள். கடைப் பூனை ஒன்று இருந்தது. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பெஞ்சு பெஞ்சாகப் பார்வையிடுவதால் மாமா அதற்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்திருந்தார். அதற்கு நான் ஒரு வாழைக்காய்த் துண்டு போட்டேன். முகர்ந்து பார்த்தது. என் பரம்பரையையே எடைபோடுவது போல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளிநடப்பு செய்தது.

நாளுக்கு நாள் ஆட்கள் குறைந்தார்கள். நோய் என்னவென்று கண்டுபிடித்தது மாமாதான். விசைப்படகில் வேலை பார்த்த அவருக்குத் தடைக்காலத்தில் இரண்டே வேலை. காலையில் வலை தைப்பது, மத்தியானம் அத்தை சமையலில் குறை சொல்வது.

"சோறு நல்லாத்தான்க்கா கீது. ஆனா வாய்க்கு வேலையே இல்ல. ஒரு முள்ளு இல்ல, தோலு இல்ல. துப்பறதுக்கு எதுனா வாணாமா? சும்மா முழுங்கிகினே கீறதுக்கு நாங்க இன்னா ஆஸ்பத்திரிலயா கீறோம்?"

வேறு யாராக இருந்தாலும் கரண்டியால் அடித்திருப்பார்கள். அத்தை யோசித்தாள். மறுநாள் வாழைக்காயைத் தோலோடு, வஞ்சிரம் துண்டு போடுவது மாதிரியே சாய்த்து அறுத்தாள். மீன் மசாலாவையே அரைத்துத் தடவினாள். முருங்கைக்காயைக் குச்சி குச்சியாகக் கீறி, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் நாலைந்து செருகிக் கல்லில் போட்டாள். தோல் கறுத்துச் சுருங்கி, மசாலா சிவந்து, நடுவில் முள்ளோடு எழுந்து வந்தது பாருங்கள், கடலிலேயே பிறந்த வாழைக்காய் மாதிரி இருந்தது. பிஞ்சுக் கத்திரிக்காயை மாங்காய் போட்டு, நெத்திலிக் குழம்பு மாதிரி கொதிக்க விட்டாள்.

படகு ஆட்கள் கடித்தார்கள். மென்றார்கள். நாக்கால் துழாவி முருங்கை நாரை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்கள். முகத்தில் உயிர் வந்தது. துப்புவதற்கு ஒன்று கிடைத்ததும் காசிமேடு சைவத்துக்கு மாறியது. மீன் சாப்பாட்டில் பாதி விலை வேறு. மறுவாரம் அடுத்த தெரு ஐஸ் கம்பெனி ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

இப்படியே தடைக்காலம் ஓடிவிடும் என்று இருந்தபோது அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அன்று காலையிலேயே எண்ணூர்க்காரர் வந்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ வாசலில் நின்றது. அதே நாள் பார்த்து, தடைக்கால நிவாரணத்துக்கு எழுதிக் கொடுக்க என்று படகு ஆட்கள் எல்லோரும் மீன்துறை ஆபீஸுக்குப் போய்விட்டார்கள். ஐஸ் கம்பெனிக்கும் அன்று லீவு. மணி ஒன்று ஆகியும் கடையில் சாப்பிட உட்கார்ந்திருந்தவர், சாப்பிட்டுவிட்டுப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று தங்கிவிட்ட மாமா ஒருவர் மட்டுமே. அவரை ஆள் கணக்கில் அப்பா சேர்க்க மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"போய்ப் பாத்துட்டு வரேன்," என்று அப்பா வீட்டில் கிளம்பிவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து சொன்னான். அத்தை காலிப் பெஞ்சைத் துணி போட்டுத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

எங்கள் பக்கத்துக் கன்டெய்னர் லாரிகளைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் சொல்கிறேன். துறைமுகத்துக்குள் போக வேண்டிய லாரிகள் அன்று வரிசை கட்டி நின்று ரோட்டையே அடைத்துவிட்டன. அதில் ஒரு சுற்றுலா வேன் மாட்டிக்கொண்டது. குஜராத்தில் இருந்து வந்த ஒரு பெரிய குடும்பம். திருவொற்றியூர்க் கோயிலைப் பார்த்துவிட்டு ஊருக்குள் போய்ச் சாப்பிடலாம் என்று வந்தவர்கள், பசியில் வேனை விட்டு இறங்கினார்கள். என் கரி எழுத்து அட்டை கண்ணில் பட்டது. திரும்பிய எழுத்தைத் தலையைச் சாய்த்துப் படித்துப் புரிந்துகொண்டு, வரிசையாக உள்ளே வந்து நாலு பெஞ்சையும் நிறைத்தார்கள்.

குடும்பத்தைக் கட்டி மேய்ப்பவர் யார் என்று பார்த்ததுமே தெரிந்தது. மூக்குத்தி போட்ட, பாரியான ஓர் அம்மாள். பக்கத்தில் கல்லூரியில் படிக்கிற வயதில் அவர் மகள். அத்தை இலை போட்டாள். தண்ணீர் தெளித்தாள். சரியாக அந்த நேரம் கடல்காற்று வீசியது. பலகையில் கட்டிய புடவை மேலே எழும்ப, வஞ்சிரம் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

அம்மாள் பலகையைப் பார்த்தார். கல்லில் முள்ளோடு பொரிகிற துண்டுகளைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா அப்போது வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, நீளமாக ஒன்றை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இலை ஓரத்தில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் இருந்தது.

அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார். மொத்தக் குடும்பமும் எழுந்தது.

"ஃபிஷ்?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க். இரண்டாம் மார்க் வாங்கியவன் பரீட்சைக்கே வரவில்லை. முன்னால் போய் நின்றேன். "நோ ஃபிஷ், ஆன்ட்டி. பனானா. பனானா ஆக்டிங்."

அவள் மாமாவின் இலையைக் காட்டினாள். "போன்?"

எலும்பு, அதாவது முள்ளைக் கேட்கிறாள். முருங்கைக்காய்க்கு எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மரத்தில் நீளமாகத் தொங்கி ஆடும் என்பதைக் கையை ஆட்டி நடித்துக் காட்டினேன். பாம்பு என்று நினைத்திருக்க வேண்டும். கடைசிப் பெஞ்சில் இருந்த ஒரு தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கு நினைத்தாலும், யோசனை நல்ல யோசனைதான். "ஆன்ட்டி, வெயிட். கேட்," என்றேன். "ஃபிஷ்ஷுனா கேட் ஈட்டிங். பனானான்னா கேட் நோ ஈட்டிங்." சூப்பர்வைசர் பூனை அடுப்போரம் படுத்திருந்தது. கல்லில் இருந்து ஒரு துண்டை எடுத்து, ஊதி, கோர்ட்டில் சாட்சியை நிறுத்துவது மாதிரி அதன் முன்னால் வைத்தேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒரு மாதமாகக் கடையில் மீன் வாசனையே கிடையாது. அந்தப் பூனை இத்தனை நாள் எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று நான் யோசித்திருக்கலாம். அது எழுந்து சோம்பல் முறித்தது. துண்டைக் காலால் அமுக்கிப் பிடித்தது. மசாலா, தோல், முள் ஒன்று விடாமல் தின்றது. தரையையும் நக்கிவிட்டு, இன்னொன்று உண்டா என்று என்னைப் பார்த்தது.

"முடிஞ்சிது," என்றார் மாமா. "சூப்பர்வைசரே கையெழுத்து போட்டுட்டாரு."

குடும்பம் வாசலை நோக்கி நகர்ந்தது. வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கடை திறந்ததில் இருந்து ஒருநாளும் உள்ளே கால் வைக்காதவர், அன்றும் வெளியிலேயே நின்று, ஆட்கள் எழுந்து வெளியேறுவதைப் பார்த்தார்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்தாள். கூரையில் தொங்கிய தாரில் இருந்து ஒரு வாழைக்காயை ஒடித்து, கத்தியையும் எடுத்துக்கொண்டு நேராக அந்த அம்மாளிடம் போனாள். "இந்தா. நீயே அறுத்துப் பாரும்மா," என்று தமிழிலேயே சொல்லிக் கையில் வைத்தாள்.

அம்மாள் அறுத்தார். வாழைக்காய்ப் பால் விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. விரலை முகர்ந்து பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் அடுப்பு இருந்த பக்கம் கையைக் காட்டி மகளிடம் ஏதோ கேட்டார். இந்தக் கல்லில்தானே மற்ற நாளில் மீன் வறுப்பீர்கள் என்று மகள் என்னிடம் கேட்டாள்.

நான் சொன்னதும் அத்தை பெஞ்சுக்கடியில் இருந்து சாக்கை இழுத்துப் போட்டாள். அவிழ்த்ததும் மீன் கல்லின் வாசனை எல்லோருக்கும் விளக்கம் சொன்னது. மறுபடி இறுக்கிக் கட்டினாள். பிறகு அடுப்பில் இருந்ததைக் காட்டினாள். "இதெல்லாம் என் கல்யாணச் சீரு. இதுல ஒருநாளும் மீன் பட்டதில்ல. சொல்றா இங்கிலீஷ்ல."

"மேரேஜ் பாத்திரம், ஆன்ட்டி. அத்தை மேரேஜ்."

அம்மாள் தவலையின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பொறித்திருந்த பெயரை விரலால் தடவினார். அவர்கள் ஊரிலும் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள் போலிருக்கிறது. அத்தையை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மகளிடம் ஒரு வார்த்தை கேட்டார். மகள் என்னைக் கேட்டாள்.

"ஹஸ்பெண்ட்?"

கேள்வி சுலபமாக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சி. "ஹஸ்பெண்ட் எண்ணூர்," என்றேன் பெருமையாக. "பாத்திரம் ஹியர்."

மகள் அதை மொழிபெயர்த்தாள். அம்மாள் அத்தையின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்தார். தாரில் இருந்து இன்னும் கொடு என்று கையை நீட்டினார். அவர் உட்கார்ந்ததும் மொத்தக் குடும்பமும் மறுபடி உட்கார்ந்தது. செருப்பு மாட்டிய தாத்தா அதைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக இலையை இழுத்துக்கொண்டார்.

சாப்பிட்டார்கள் என்று சொன்னால் போதாது. கத்திரிக்காய்க் குழம்பின் காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாம் தடவை கேட்டார்கள். முருங்கை நாரை எப்படி உருவ வேண்டும் என்று மாமா பெஞ்சு பெஞ்சாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். தாத்தா அந்தக் கலையில் மாமாவையே மிஞ்சினார். வேன் டிரைவர் ஓரமாக நின்றே மூன்று துண்டு தின்றுவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வருகிற சைவ வண்டி எல்லாவற்றையும் இங்கேதான் நிறுத்தப்போகிறேன் என்றார். நிறுத்தவும் செய்தார்.

நடுவில் அந்த அம்மாள் காலி டம்ளரைத் தூக்கி, வாசலில் சும்மா நிற்கிற ஆளைப் பார்த்து ஆட்டினார். அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. கடையை மூடச் சொல்ல வந்தவர், செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

"மச்சான்," என்றார் மாமா, "அப்டியே எனுக்கும் ஒரு டம்ளரு."

தண்ணீர் மொள்ளக் குனிந்தபோதுதான் அப்பா அடுப்பைக் கவனித்தார். பித்தளைத் தவலை கரி ஏறிக் கறுத்திருந்தது. அண்டாவில் ஒரு பக்கம் நசுங்கல். அவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிய சீர். அப்பா குனிந்தபடியே நின்றார். "எப்போ எட்டாந்த?" என்றார். அத்தை, "தடைக்கு மொத நாளே," என்றாள். அப்பா அண்டாவின் நசுங்கலை விரலால் தடவினார். பொருளை இப்படிக் கரிபிடிக்க விட்டால் யாருக்குத்தான் மனசு கஷ்டப்படாது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் தண்ணீர் ஊற்றி முடித்தார். இலையும் எடுத்தார்.

வேன் கிளம்பியதும் அப்பா வீட்டுக்கு நடந்தார். எண்ணூர்க்காரர் கிளம்புவதற்குள் கப் ஐஸ் விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் நாற்காலியில் இருந்து எழுந்தார். "இன்னா, வராளா?"

"அவ கடை நடத்தினு கீறா," என்றார் அப்பா. "சீர் பாத்திரம் பூரா அடுப்புல கீது. நீ கெளம்புப்பா."

எண்ணூர்க்காரர் முகம் சுண்டிப்போனது. பாவம், பாத்திரத்தை எடுத்துப்போக முடியவில்லையே என்று வருத்தப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்தவரை அப்படி அனுப்பக் கூடாது இல்லையா. நான் முன்னால் போய் ஆறுதலாகச் சொன்னேன்.

"கவலப்படாத மாமா. தடை முடிஞ்சதும் அத்த எல்லாத்தையும் நல்லா புளி போட்டு வெளக்கி வச்சிடும். அப்பால வந்து எடுத்துனு போ."

அவர் விறுவிறுவென்று போய் ஆட்டோவில் ஏறினார். சமையலறையில் அம்மா எதையோ கீழே போட்டாள். அப்பா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. புளி போட்டு விளக்குவதில் அப்படி என்ன சிரிப்பு என்று யோசித்தபடி வாசலில் நின்றேன். அன்றைக்கு எனக்குக் கப் ஐஸ் வாங்கித் தந்தது அப்பாதான். ஒன்று இல்லை, இரண்டு.